ஆளி விதை அடுப்பைத் தாங்கும், ஆளி எண்ணெய் தாங்காது

ஆளி விதை, ஆளி எண்ணெய் இரண்டையும் ஒரே பொருளின் இரண்டு வடிவங்களாகத்தான் பலரும் நினைக்கிறார்கள். விதையில் இருப்பதெல்லாம் எண்ணெயிலும் இருக்கும், அரைக்கிற வேலை மிச்சம் என்று ஒரு கணக்கு. அதனால் எண்ணெயை வாணலியில் ஊற்றிக் காய வைக்கிறார்கள். விதையை முழுசாகக் கஞ்சியில் தூவி அப்படியே விழுங்குகிறார்கள். இரண்டுமே வீண். எண்ணெய் அடுப்பிலேயே கெட்டுப்போகிறது, விதை உள்ளே போன மாதிரியே வெளியே வந்துவிடுகிறது. சமையலில் விதைக்கு ஒரு விதி, எண்ணெய்க்கு முற்றிலும் வேறு விதி. அதற்கான காரணத்தைப் புரிந்துகொண்டால் எவ்வளவு போடலாம், எப்போது போடலாம், எங்கே வைக்கலாம் என்பதையெல்லாம் யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

முதலில் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்துவிடலாம். 100 கிராம் ஆளி விதையில் சுமார் 42 கிராம் கொழுப்பு, 27 கிராம் நார்ச்சத்து, 18 கிராம் புரதம். அந்தக் கொழுப்பில் பாதிக்கும் மேலே ஆல்ஃபா லினோலெனிக் அமிலம் என்ற ஒமேகா-3 கொழுப்பு. சுருக்கமாக ஏ.எல்.ஏ. என்பார்கள். இதை உடம்பால் தானாகத் தயாரித்துக்கொள்ள முடியாது, சாப்பாட்டில் இருந்துதான் வர வேண்டும். வயது வந்த ஆணுக்கு ஒரு நாளைக்கு 1.6 கிராம், பெண்ணுக்கு 1.1 கிராம் போதும் என்பது அமெரிக்க ஊட்டச்சத்துப் பரிந்துரை. ஒரு மேசைக்கரண்டி ஆளிப் பொடி, அதாவது ஏறக்குறைய 7 கிராம், 1.6 கிராம் ஏ.எல்.ஏ. தந்துவிடும். எண்ணெயாக எடுத்தால் ஒரு தேக்கரண்டியிலேயே சுமார் 2.4 கிராம் வந்துவிடுகிறது. இந்த இரண்டு எண்களையும் மனதில் வைத்துக்கொண்டால் போதும். ஆளியை அள்ளி அள்ளிச் சாப்பிட வேண்டிய தேவையே இல்லை என்பது அதிலேயே தெரிகிறது.

ஆனால் எண்ணெயில் வருவது கொழுப்பு மட்டும்தான். நார்ச்சத்து துளியும் இல்லை, புரதமும் இல்லை. விதைத் தோலிலும் அதை ஒட்டிய பகுதியிலும் லிக்னான் என்ற தாவரச் சத்து நிறைய இருக்கிறது. நாம் சாப்பிடும் பொருட்களில் இது ஆளியில் இருக்கும் அளவுக்கு வேறு எதிலும் இருப்பது அரிது. எண்ணெய் பிழியும்போது அதுவும் பெரும்பாலும் பிண்ணாக்கோடு தங்கிவிடுகிறது. ஆக, ஒமேகா-3 மட்டும் வேண்டும் என்பவருக்கு எண்ணெய் சரி. முழுப் பலனையும் எதிர்பார்ப்பவர் விதைக்குத்தான் போக வேண்டும். இரண்டில் ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் நான் விதையைத்தான் சொல்வேன்.

இங்கே ஒரு விஷயத்தை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். மீனில் கிடைக்கும் ஒமேகா-3 வேறு, ஆளியில் கிடைப்பது வேறு. மீனில் இருப்பவை இ.பி.ஏ., டி.ஹெச்.ஏ. என்ற நீளமான கொழுப்பு அமிலங்கள். மூளைக்கும் கண்ணுக்கும் முக்கியமாகத் தேவைப்படுவது டி.ஹெச்.ஏ. உடம்பு ஏ.எல்.ஏ.வை இவையாக மாற்றிக்கொள்ளும், ஆனால் மிகக் கொஞ்சமாக. இ.பி.ஏ.வாக ஒரு சிறு பங்கு மாறும், டி.ஹெச்.ஏ.வாக மாறுவது அதைவிடவும் சொற்பம். இளம் பெண்களின் உடம்பில் இந்த மாற்றம் சற்றுக் கூடுதலாக நடக்கிறது. மற்ற சமையல் எண்ணெய்களில் மண்டிக் கிடக்கும் ஒமேகா-6 கொழுப்பும், இந்த மாற்றத்தை நடத்தும் அதே நொதிக்காக (வேதிமாற்றத்தை விரைவுபடுத்தும் புரதம்) போட்டி போடுவதால், அது அதிகமான சாப்பாட்டில் மாற்றம் இன்னும் குறைகிறது. "மீனுக்குச் சமம்" என்று ஆளியைச் சொல்வது சரியில்லை. தன் அளவில் நல்ல உணவு என்று சொல்வதே அதற்குப் போதுமான மரியாதை.

சரி, எண்ணெய் ஏன் சூட்டைத் தாங்குவதில்லை? ஏ.எல்.ஏ. மூலக்கூறில் மூன்று இடங்களில் இரட்டைப் பிணைப்பு இருக்கிறது. ஆக்சிஜன் வந்து ஒட்டுவதற்கு வசதியான இடங்கள் இவற்றுக்குப் பக்கத்தில்தான். ஆலிவ் எண்ணெயின் முக்கியக் கொழுப்பான ஒலியிக் அமிலத்தில் இப்படி ஒரே ஒரு பிணைப்பு. மூன்று பிணைப்பு என்றால் ஆக்சிஜனேற்றம் மூன்று மடங்குதான் என்று எண்ண வேண்டாம், அது இருபது மடங்குக்கும் மேலே போகும். எண்ணெய்களில் இந்தப் பிணைப்புகளை அளக்க அயோடின் எண் என்று ஒன்று உண்டு. தேங்காய் எண்ணெய்க்கு அது 10ஐ ஒட்டி இருக்கும், ஆலிவ் எண்ணெய்க்கு 80ஐ ஒட்டி. ஆளி எண்ணெய்க்கு 170ஐத் தாண்டிவிடும்.

ஓவியர்களுக்கு இது பல நூற்றாண்டுகளாகத் தெரிந்த சங்கதி. ஐரோப்பாவில் 15ஆம் நூற்றாண்டில் யான் வான் எய்க் போன்றவர்கள் நிறத்தூளை ஆளி எண்ணெயில் குழைத்துத்தான் வரைந்தார்கள். காற்றுப் பட்டதும் எண்ணெய் ஆக்சிஜனை உறிஞ்சி, மூலக்கூறுகள் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு கெட்டியான படலமாக இறுகிவிடும். ஃபிரெடரிக் வால்டன் 1860களில் லினோலியம் தரைவிரிப்பைக் கண்டுபிடித்ததும் இந்தக் குணத்தை வைத்துத்தான். மரத்துக்கு ஆளி எண்ணெய் பூசிய துணியைச் சுருட்டிப் போட்டால், ஆக்சிஜனேற்றத்தில் உண்டாகும் வெப்பம் வெளியேற வழியில்லாமல் துணி தானே தீப்பிடிப்பதும் உண்டு. படலமாக இறுகுவதே வேலையாக உள்ள ஒரு எண்ணெயை வாணலியில் மெல்லியதாகப் பரப்பி, கீழே தீயும் மேலே காற்றுமாக வைத்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். இரும்புச் சட்டியைப் பழக்குவதற்குச் சிலர் ஆளி எண்ணெயைத் தேய்த்துச் சூடாக்குவதும் இதே காரணத்துக்காகத்தான். சட்டிக்கு அது நல்லது. சாப்பாட்டுக்கு அல்ல.

சுத்திகரிக்காத ஆளி எண்ணெய் சுமார் 107 டிகிரி செல்சியஸிலேயே புகைய ஆரம்பிக்கும். சாதாரணமாக வதக்கும் சூடே 150 டிகிரிக்கு மேல் போகும், பொரிப்பது 170, 180. ஆகவே தாளிக்க, வதக்க, பொரிக்க, வறுக்க என்று எதற்குமே இது உதவாது. தீயைக் குறைத்து வைத்தால் பரவாயில்லையா என்று கேட்பவர்கள் உண்டு. பரவாயில்லை என்று சொல்ல என்னால் முடியவில்லை. அடுப்பில் வைக்க எத்தனையோ எண்ணெய்கள் இருக்கும்போது, அதற்கு லாயக்கே இல்லாத ஒன்றை ஏன் இழுக்க வேண்டும்?

அப்படியானால் எண்ணெயை எங்கே சேர்ப்பது? எல்லாம் முடிந்து, அடுப்பை அணைத்த பிறகு. வெந்த காய்கறியைத் தட்டில் எடுத்து வைத்துவிட்டு மேலே ஒரு தேக்கரண்டி விடலாம். கிண்ணத்தில் ஊற்றிய சூப்பிலோ கஞ்சியிலோ சாப்பிடப் போகிற நேரத்தில் கலக்கலாம். சாப்பிடும் பதத்தில் இருக்கும் சூடு சில நிமிடங்களில் எண்ணெயைக் கெடுத்துவிடாது. தயிரோடு ஆளி எண்ணெய் நன்றாக ஒத்துப்போகும், தயிரின் புளிப்பு அதன் கனத்த வாசனையை மட்டுப்படுத்திவிடும். பச்சைக் காய்கறிக் கலவைக்கு எலுமிச்சைச் சாறு, கொஞ்சம் கடுகு விழுது, உப்பு சேர்த்து அடித்துக்கொண்டால் எண்ணெய் பிரியாமல் நிற்கும். தனி ஆளி எண்ணெய் வாசனை தூக்கலாகத் தெரிகிறது என்றால் பாதிக்குப் பாதி ஆலிவ் எண்ணெய் சேர்த்துக்கொள்ளலாம். மசித்த உருளைக்கிழங்கில் வெண்ணெய்க்குப் பதில் இதைக் குழைத்துப் பார்ப்பதும் நல்ல யோசனை. கிழங்கின் மென்மையான சுவையில் எண்ணெயின் கொட்டை மணம் தெளிவாகத் தெரியும்.

புதிதாகப் பிழிந்த ஆளி எண்ணெய்க்கு அந்தக் கொட்டை மணமும் லேசான இனிப்பும்தான் இயல்பு. ஆளி எண்ணெய் என்றாலே கசக்கும் என்று பலர் நினைப்பது, அவர்கள் கையில் கிடைத்தது பழைய எண்ணெய் என்பதால்தான். விதையில் வளைய வடிவிலான சில சிறு புரதத் துணுக்குகள் உண்டு, அவை எண்ணெயோடு சேர்ந்து வந்துவிடும். நாள் ஆக ஆக அவற்றில் ஒன்று ஆக்சிஜனேற்றமடைந்து கடுங்கசப்பாக மாறுகிறது. எண்ணெய் முழுசாகக் கெடுவதற்கு முன்பே கசப்பு எட்டிப்பார்த்துவிடும். அதற்கு அடுத்த கட்டத்தில் மீன் வாடையோ பெயிண்ட் வாடையோ வரும். அந்த வாடை வந்த எண்ணெயை யோசிக்காமல் கொட்டிவிடுங்கள். மற்ற எண்ணெயோடு கலந்து தீர்த்துவிடலாம் என்ற சிக்கனம் இங்கே வேண்டாம்.

சேமிப்பிலும் எதிரிகள் அதே வெளிச்சம், வெப்பம், காற்றுதான், கூடவே உலோகம். கறுப்பு நிறப் பாட்டிலில், மூடியை இறுக்கி, ஃபிரிட்ஜில் வையுங்கள். ஆளி எண்ணெய் உறைவதற்குச் சுழியத்துக்குக் கீழே 20 டிகிரிக்கும் மேல் இறங்க வேண்டும் என்பதால் ஃபிரிட்ஜில் கட்டியாகுமோ என்ற கவலை இல்லை. திறந்த பாட்டிலை நாலு முதல் ஆறு வாரத்துக்குள் முடித்துவிட வேண்டும். செம்பு, இரும்புப் பாத்திரத்தில் ஊற்றி வைக்கவே கூடாது, அந்த உலோகங்கள் ஆக்சிஜனேற்றத்தைத் தூண்டிவிடும். ஒரு நாளைக்கு ஒரு தேக்கரண்டிக்கு மேல் தேவைப்படாத பொருளுக்குச் சின்ன பாட்டில்தான் பொருத்தம். மலிவாகக் கிடைக்கிறது என்று பெரிய பாட்டில் வாங்கினால் பாதி கசந்துதான் தீரும்.

இன்னொன்றையும் அழுத்திச் சொல்ல வேண்டும். மரச் சாமான்களுக்குப் பூசுவதற்கென்று விற்கப்படும் ஆளி எண்ணெயைச் சமையலுக்கு எடுக்கவே கூடாது. சீக்கிரம் காய்வதற்காக அதில் கோபால்ட், மாங்கனீசு போன்ற உலோக உப்புகளைச் சேர்த்திருப்பார்கள். உணவுக்கானது என்று பாட்டிலில் போட்டிருக்கிறதா, குளிர்ந்த முறையில் பிழிந்ததா, எந்தத் தேதியில் பிழிந்தது என்ற மூன்றையும் பார்த்து வாங்குவது நல்லது.

இனி விதை. ஆளி விதையின் தோல் கடினமானது, வழவழப்பானது. பல்லில் சிக்காமல் நழுவி வயிற்றுக்குள் போய்விடும், வயிற்றிலும் உடையாது. முழு விதை தண்ணீரில் ஊறி மலம் இளகுவதற்கு உதவும் என்பது உண்மைதான். உள்ளே இருக்கும் ஒமேகா-3 கிடைக்க வேண்டும் என்றால் உடைத்தே ஆக வேண்டும். மிக்ஸியின் சின்ன ஜாரில், ஈரமே இல்லாமல், விட்டு விட்டு நாலைந்து சுற்று ஓட்டினால் போதும். தொடர்ந்து ஓட்டினால் சூடேறி, எண்ணெய் கசிந்து, பொடி விழுதாகத் திரண்டுவிடும். ஜாரில் மிகக் குறைவாகப் போட்டால் விதை பிளேடுக்குச் சிக்காமல் சுற்றிச் சுற்றி ஓடும் என்பதால் ஒரு கைப்பிடியாவது போட வேண்டும். வாசனைக்காக முதலில் வறுத்துக்கொள்ளலாம். வெறும் வாணலியில் மிதமான தீயில் விதை படபடவென்று வெடிக்கத் தொடங்கியதும் இறக்கி, நன்றாக ஆறவிட்டு அரைக்க வேண்டும். கருக விட்டால் கசக்கும்.

உடைக்காத விதை, ஈரம் படாத டப்பாவில் ஏறக்குறைய ஒரு வருடம் தாங்கும். உள்ளிருக்கும் எண்ணெயை ஆக்சிஜனிடமிருந்து காப்பது அந்தத் தோல்தான். அரைத்துவிட்டால் அந்தக் கவசம் போய்விடும். ஆகவே வாரத்துக்குத் தேவையானதை மட்டும் அரைத்து, காற்றுப் புகாத டப்பாவில் ஃபிரிட்ஜில் வைப்பதே எனக்குத் தெரிந்து நல்ல வழி. பொடியில் சிக்கு வாடை அடித்தால் அதுவும் முடிந்தது.

இங்கே ஒரு நியாயமான கேள்வி வரும். எண்ணெய் சூடு தாங்காது என்றால், அதே எண்ணெய் நிறைந்த பொடியை ரொட்டி மாவில் போட்டு 180 டிகிரி அடுப்பில் சுடுவது எப்படிச் சரியாகும்? சரியாகும். சுட்ட ரொட்டியில் ஏ.எல்.ஏ. பெரும்பாலும் அப்படியே இருக்கிறது என்பதை ஆய்வுகளில் அளந்தே பார்த்திருக்கிறார்கள். காரணங்கள் இரண்டு. அடுப்பு 180 டிகிரியில் இருந்தாலும் ரொட்டியின் உள்பகுதி 100 டிகிரியைத் தாண்டுவதில்லை. தண்ணீர் ஆவியாகிக்கொண்டிருக்கும் வரை சூடு அதற்கு மேல் ஏறாது. இரண்டாவது, விதைக்குள் எண்ணெய் திறந்து கிடக்கவில்லை. புரதப் படலம் சுற்றிய நுண்ணிய துளிகளாக, லிக்னான் போன்ற ஆக்சிஜனேற்றத் தடுப்பிகள் சூழ இருக்கிறது. அரைத்த பிறகும் இந்த அமைப்பு ஓரளவு மிஞ்சுகிறது, மாவும் காற்றைத் தடுக்கிறது. வாணலியில் பரவிய எண்ணெய்க்கு இந்தப் பாதுகாப்பில் எதுவுமே கிடையாது. கொதிக்கும் கஞ்சியில் பொடியைப் போட்டுக் கிளறுவதும் இதே காரணத்தால் பிரச்சினை இல்லை.

சமைப்பவருக்கு ஆளி விதையில் ஆர்வமூட்டும் பகுதி, என்னைக் கேட்டால், ஒமேகா-3 அல்ல. அந்தக் கொழகொழப்புதான். விதைத் தோலின் வெளி அடுக்கில் உள்ள ஒருவகை நார்ச்சத்து, விதை எடையில் 8 சதவீதம் வரை இருக்கும் பசைப் பொருள், தண்ணீர் பட்டதும் உப்பிக் கூழாகும். ஒரு மேசைக்கரண்டி பொடியை மூன்று மேசைக்கரண்டி தண்ணீரில் கலந்து பத்து நிமிடம் வைத்தால் முட்டையின் வெள்ளைக்கரு மாதிரி இழுபடும் கூழ் கிடைக்கும். மாவுப் பண்டங்களில் ஒரு முட்டைக்குப் பதில் இதைச் சேர்க்கலாம். எல்லா முட்டைக்கும் அல்ல. முட்டை ஒரு பண்டத்தில் பல வேலைகள் செய்கிறது. பொருட்களைப் பிடித்து வைப்பது, ஈரம் தருவது ஆகிய இரண்டையும் ஆளிக் கூழ் செய்யும். நுரைத்துக் காற்றைப் பிடிப்பது, சூட்டில் கெட்டியாகி உருவத்தைத் தாங்குவது ஆகியவை அதற்கு வராது. பிஸ்கட், கனமான கேக், மசித்த காய்களைத் தட்டிப் பொரிக்கும் கட்லெட் ஆகியவற்றில் நன்றாக வேலை செய்யும். முட்டையை அடித்து நுரைத்துச் செய்யும் பஞ்சு கேக்கில் போட்டால் அது அமுங்கித்தான் போகும். ஒன்றிரண்டு முட்டைக்கு மேல் மாற்றினால் பண்டம் உள்ளே ஈரப் பிசுபிசுப்பாக நின்றுவிடும்.

குளூட்டன் என்ற கோதுமையின் பசைப் புரதம் இல்லாத மாவுகளில் இந்தப் பசைக்கு இன்னும் மதிப்பு. பிசையும்போது விண்டு விண்டு போகும் சிறுதானிய மாவும் அரிசி மாவும் ஆளிக் கூழ் சேர்ந்தால் ஒன்றாகத் திரண்டு, தட்டும்போது ஓரம் வெடிப்பது குறையும். கோதுமை மாவில் என்றால் பத்தில் ஒரு பங்கு ஆளிப் பொடி சேர்ப்பது பாதுகாப்பான ஆரம்பம். தண்ணீர் வழக்கத்தைவிடக் கூடுதலாகக் குடிக்கும், எனவே பிசைந்த மாவைப் பத்துப் பதினைந்து நிமிடம் ஊற விட்டு, பிறகு பதம் பார்த்துத் தண்ணீர் சேர்க்க வேண்டும். ஆளி சேர்ந்த பண்டம் சீக்கிரம் சிவந்துவிடும் என்பதால் சூட்டைக் கொஞ்சம் குறைத்து வைப்பது நல்லது. கொழுப்பைக் குறைக்க விரும்புகிறவர்கள் ஒரு பங்கு எண்ணெயை எடுத்துவிட்டு மூன்று பங்கு ஆளிப் பொடி போடும் பழக்கமும் உண்டு. பண்டம் சற்றுக் கனமாக வரும், ஆனால் காய்ந்துபோகாது. குழம்பு, சூப் நீர்த்துவிட்டால் ஒரு தேக்கரண்டி பொடி கெட்டியாக்கிவிடும். அதற்கு மேல் போட்டால் கொழகொழப்பு வாயில் தெரிய ஆரம்பிக்கும்.

உடம்புக்கு என்ன செய்கிறது என்பதில் பேச்சு அதிகம், உறுதியான ஆதாரம் கொஞ்சம். அந்தக் கொஞ்சமும் மதிக்கத்தக்கது. கனடாவில் நடந்த ஒரு சோதனையில், கால் தமனிகளில் அடைப்பு இருந்த 110 பேர் கலந்துகொண்டார்கள். ஒரு பிரிவினர் நாளுக்கு 30 கிராம் ஆளிப் பொடியை ரொட்டி, மஃபின் போன்ற உணவுகளில் கலந்து சாப்பிட்டார்கள். 2013இல் வெளியான முடிவின்படி, ஆறு மாதத்தில் அவர்களுடைய மேல் ரத்த அழுத்தம் மற்றவர்களுடையதைவிட சுமார் 10 புள்ளியும், கீழ் அழுத்தம் 7 புள்ளியும் குறைவாக இருந்தது. உணவுப் பொருள் ஒன்றால் இவ்வளவு குறைவது பெரிய விஷயம். ஆனால் அவர்கள் குறிப்பிட்ட நோய் உள்ளவர்கள், அளவும் 30 கிராம். எல்லோருக்கும் இதே பலன் என்று அதிலிருந்து சொல்லிவிட முடியாது. ஆளிப் பொடி கொலஸ்ட்ராலைக் குறைக்க உதவும் என்று பாக்கெட்டில் எழுதுவதற்குக் கனடாவின் சுகாதாரத் துறை 2014இல் அனுமதி தந்தது. அதற்கு அடிப்படையாக எடுத்துக்கொண்ட அளவு நாளுக்கு 40 கிராம். புற்றுநோயைக் குணமாக்கும், எடையைக் கரைக்கும் என்ற பேச்சுகளுக்கு இந்த மாதிரி வலுவான அடித்தளம் கிடையாது.

விஷம் என்று கேள்விப்பட்டுப் பயந்தவர்களுக்கும் ஒரு வார்த்தை. ஆளி விதையில் சயனைடை வெளியிடக்கூடிய சேர்மங்கள் கொஞ்சம் இருக்கின்றன. விதையை அரைத்து ஈரம் சேரும்போது நொதி அவற்றை உடைக்கிறது. ஒன்றிரண்டு மேசைக்கரண்டி அளவில் வருவதை ஆரோக்கியமான பெரியவரின் உடம்பு சுலபமாகச் செயலிழக்கச் செய்துவிடும். வெளிவரும் ஹைட்ரஜன் சயனைடு 26 டிகிரியிலேயே கொதித்து ஆவியாகிவிடும் என்பதால், ஈர மாவிலோ கஞ்சியிலோ சமைக்கும்போது அதில் பெரும்பகுதி போய்விடுகிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2022இல் கடையில் விற்கும் ஆளி விதைக்கு உச்ச வரம்பு விதித்தது. பச்சையாகக் கோப்பை கோப்பையாக அரைத்துக் குடிப்பது வேண்டாம், சிறு குழந்தைகளுக்குப் பச்சைப் பொடி வேண்டாம். மற்றபடி பயப்பட ஒன்றுமில்லை.

உண்மையில் அதிகம் பேருக்குத் தொந்தரவு தருவது தண்ணீர் குறைவுதான். நார்ச்சத்தும் பசையும் சேர்ந்த இந்தப் பொடியைத் தண்ணீர் குடிக்காமல் சாப்பிட்டால் மலச்சிக்கல் தீர்வதற்குப் பதிலாகக் கூடும். தினம் ஒரு தேக்கரண்டியில் தொடங்கி, வயிறு பழகிய பிறகு ஒரு மேசைக்கரண்டிக்குப் போகலாம். குடல் அடைப்பு, குடல் சுருக்கம் இருந்தவர்கள் தொடக் கூடாது. மாத்திரையும் ஆளியும் ஒன்றாக உள்ளே போனால் அந்தக் கூழ் மருந்து உறிஞ்சப்படுவதைத் தாமதப்படுத்தும், எனவே ஓரிரு மணி நேர இடைவெளி வேண்டும். ரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்து சாப்பிடுபவர்களும் கர்ப்பிணிகளும் வழக்கமாகச் சேர்ப்பதற்கு முன் மருத்துவரிடம் கேட்டுக்கொள்வது அவசியம். லிக்னான் குடலில் மாறும்போது ஈஸ்ட்ரோஜன் போல மெல்லச் செயல்படும் பொருட்கள் உருவாவதே கர்ப்பிணிகள் கவனமாக இருக்க வேண்டியதற்குக் காரணம்.

விதை வாங்கும்போது பழுப்பா, பொன்னிறமா என்ற குழப்பம் எல்லோருக்கும் வரும். சத்தில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான். பொன்னிறம் பண்டத்தின் நிறத்தைக் கெடுக்காது, அவ்வளவே. ஒரே ஒரு விதிவிலக்கு உண்டு. எண்ணெய் சீக்கிரம் கெடாமல் இருக்க வேண்டும் என்பதற்காகவே ஏ.எல்.ஏ.வை 5 சதவீதத்துக்கும் கீழே குறைத்து, ஆஸ்திரேலியாவில் ஒரு மஞ்சள் விதை ரகத்தை உருவாக்கினார்கள். கனடாவில் அந்த வகைக்கு சோலின் என்று பெயர். அந்த எண்ணெய் அடுப்பைத் தாங்கும், ஆனால் நாம் ஆளியைத் தேடிப் போகும் காரணம் அதில் இல்லை. பாக்கெட்டின் ஊட்டச்சத்துப் பட்டியலில் ஒமேகா-3 அளவைப் பார்த்துவிட்டால் எது என்று தெரிந்துவிடும்.